என் பான் எண்ணில் இன்னொருவர் சம்பளம்

2023 ஜூலை 22, சனிக்கிழமை காலை. வருமான வரி ரிட்டர்ன் போட இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருந்தது. அரை மணி நேர வேலைதானே என்று டீ டம்ளரோடு உட்கார்ந்து இணையதளத்தைத் திறந்தேன். துறையே நிரப்பிக் கொடுக்கும் படிவத்தில் என் பழைய கம்பெனிக்கு எதிரே 8,73,000 ரூபாய் சம்பளம் என்று இருந்தது. அந்த நிதியாண்டில் நான் அங்கே வேலை பார்த்தது 2022 ஏப்ரல் முதல் ஜூலை வரை, நான்கே மாதம். மாதம் 52,000. எப்படிக் கூட்டினாலும் 2,08,000-க்கு மேல் ஒரு பைசா வராது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். அதே 8,73,000.

இதில் என்ன பெரிய விபரீதம் என்று கேட்பவர்களுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 16-ஆம் தேதி புது வேலையில் சேர்ந்தேன். அங்கே மாதம் 68,000, மார்ச் வரை 5,10,000. இரண்டையும் கூட்டினால் 7,18,000. நிலைக் கழிவு 50,000, 80சி பிரிவின் முதலீடுகளுக்கு 1,50,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 20,000 போக மிச்சம் 4,98,000. அந்த வருடம் பழைய முறையில் 5 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ தள்ளுபடியில் வரியே கிடையாது. பார்த்துப் பார்த்து முதலீடு செய்து அந்தக் கோட்டுக்கு 2,000 ரூபாய் கீழே நின்றுகொண்டிருந்தேன். யாருடையதோ ஒரு 6,65,000 என் தலையில் ஏறினால் வரிக்குரிய வருமானம் 11,63,000, வரி செஸ்ஸோடு 1,67,856. என் இரண்டரை மாதச் சம்பளம். அன்றைக்கு மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

நம் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையை இறக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் கொஞ்சம் புரிந்தது. ஏப்ரல் முதல் ஜூலை வரை என் நான்கு சம்பளமும் சரியாக இருந்தன. ஆகஸ்ட்டில் ஒன்றும் இல்லை. செப்டம்பரில் 95,000. அப்புறம் மார்ச் வரை மாதா மாதம் 95,000, அதில் டிடிஎஸ், அதாவது சம்பளத்திலேயே கழிக்கும் வரிப் பிடித்தமும் உண்டு, மொத்தம் 36,920. எனக்கு அந்தக் கம்பெனியில் என்றைக்குமே 95,000 சம்பளம் இருந்ததில்லை. நான் போன பிறகு அந்தச் சம்பளத்தில் யாரோ சேர்ந்திருக்கிறார், அவருக்கு என் பான் எண்ணைப் போட்டுவிட்டார்கள் என்று ஊகித்தேன். ஊகம் சரிதான். ஆனால் அதை நிரூபித்துச் சரிசெய்ய எட்டு மாதம் ஆகும் என்று அன்றைக்குத் தெரியாது.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சம்பளத்தில் பிடிக்கும் வரிக்குக் கம்பெனிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு படிவம் தாக்கல் செய்கின்றன, அன்றைய சட்டத்தில் அதற்கு 24கியூ என்று பெயர். ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, கடைசிக் காலாண்டுக்கு மே 31. அது ஏறிய சில நாட்களில் நம் 26ஏஎஸ்-இல் தெரியும். 2022 நவம்பரில் ஒரே ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் அந்த முதல் 95,000-ஐ அப்போதே பிடித்திருப்பேன். ஒரு காலாண்டு, ஒரு பதிவு, ஒரு திருத்தம். நான் வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் கடைசி வாரத்தில் பார்க்கிற ஆள். இப்போது ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி, ஜூன் என்று நான்கு மாதத்திலும் நடுவில் ஒருநாள் பார்த்துவிடுகிறேன். வேலை மாறியவர்கள் பழைய கம்பெனியை விட்டு ஒரு வருடம் ஆகும்வரையாவது இதைச் செய்யுங்கள்.

திங்கட்கிழமை கம்பெனிக்கு போன் போட்டேன். எனக்குத் தெரிந்த எச்ஆர் அம்மா வேலையை விட்டுப் போயிருந்தார். புதியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சிஸ்டத்துல நீங்க ஜூலையிலேயே ரிலீவ் ஆயிட்டீங்கன்னுதான் சார் இருக்கு, எங்க பக்கம் ஒண்ணும் தப்பில்லையே" என்றார். கணக்குப் பிரிவில் கேட்டால், "டிடிஎஸ் எல்லாம் ஆடிட்டர் ஆபீஸ்லதான் போடறாங்க." எந்த ஆடிட்டர்? "அதை நாங்க சொல்லக் கூடாதுங்க." மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. இன்னொரு மெயில். அதற்கும் இல்லை.

அடுத்து எங்கள் தெருமுனையில் ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவரிடம் போனேன். 800 ரூபாய் வாங்கிக்கொண்டு அவர் சொன்ன யோசனை: "சம்பளத்தை உங்க கணக்குப்படி காட்டுங்க. அந்த 36,920 டிடிஎஸ்ஸை மட்டும் கிளெய்ம் பண்ணிடுங்க. ரீஃபண்டு வந்தா லாபம்தானே? தப்பு அவங்களோடது." மறைக்காமல் சொல்கிறேன், அன்றிரவு முழுக்க அதை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். இத்தனை மன உளைச்சலுக்கு அது ஈடு என்று எனக்கு நானே நியாயம் வேறு கற்பித்துக்கொண்டேன். நல்லவேளை, மறுநாள் ஒரு சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்டிடம் போனேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "சம்பளம் என்னுது இல்லைங்கிறீங்க, அதுல பிடிச்ச வரி மட்டும் உங்களுதா?" எந்த வருமானத்தில் பிடித்தார்களோ அந்த வருமானத்தைக் காட்டுபவருக்குத்தான் அந்த டிடிஎஸ் உரிமை. அதை நான் எடுத்திருந்தால், சம்பளம் என்னுடையது என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும்.

அவருக்கு 3,000 ரூபாய் கொடுத்தேன், ஒரு ரூபாய்கூட வீணில்லை. அவர் சொன்னதில் என் தலையில் ஆணி அடித்தாற்போல் இறங்கியது இதுதான்: வருமான வரித் துறையோடு சண்டை போடுவதில் பயனில்லை. 26ஏஎஸ்-இல் உள்ள எண்ணைத் துறை தானாக மாற்றாது. டிடிஎஸ் தாக்கல் செய்த கம்பெனி திருத்த அறிக்கை போட்டால்தான் அது மாறும். ஆகவே முழு உழைப்பையும் அந்தக் கம்பெனியின் 24கியூ-வை யார் தட்டச்சு செய்கிறாரோ அந்த ஆளை நோக்கித்தான் செலுத்த வேண்டும். அதுவரைக்கும் ரிட்டர்னை உண்மையான வருமானத்தோடு, நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். "கம்பெனி சரிபண்ணட்டும்னு காத்திருந்து தேதியை விட்டுடாதீங்க" என்றார். ஜூலை 29-ஆம் தேதி, நிரப்பி வந்த 8,73,000-ஐ அழித்துவிட்டு 2,08,000 போட்டு, அந்த 36,920-ஐத் தொடாமல் தாக்கல் செய்தேன். சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தும்போது விரல் நடுங்கியது உண்மை. அரசாங்கம் ஒரு எண் சொல்கிறது, நான் வேறு எண் சொல்கிறேன்.

எதிர்த்துப் பேச வேண்டுமென்றால் கையில் காகிதம் வேண்டும். என் பே ஸ்லிப்கள் கம்பெனி மெயிலில் இருந்தன, அந்த மெயில் நான் வெளியேறிய அன்று மாலையே மூடப்பட்டிருந்தது. ரிலீவிங் லெட்டர் மட்டும் வீட்டில் பத்திரமாக இருந்தது. வங்கிக் கணக்கில் ஜூலைக்குப் பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து வந்தது செட்டில்மென்ட் மட்டும்தான், அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டேன். ஆனால் எல்லாவற்றையும்விடப் பலமான ஆதாரம் நான் நினைத்தே பார்க்காத இடத்தில் இருந்தது: பி.எஃப். பாஸ்புக். பழைய கம்பெனியின் கடைசிப் பங்களிப்பு ஜூலை 2022, அடுத்த மாதத்திலிருந்து புது கம்பெனி. அதே பழைய கம்பெனி, இன்னொரு அரசு அமைப்பிடம், நான் ஜூலையில் போய்விட்டேன் என்று எழுத்தில் சொல்லியிருக்கிறது. பிற்பாடு இந்த ஒரு பக்கத்தைக் காட்டியபோதுதான் எல்லோரும் வாயை மூடினார்கள். வேலையை விடப் போகிறவர்கள் கடைசி வாரத்தில் பே ஸ்லிப் அத்தனையையும் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். பிரிவு உபசாரக் கேக்கை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்.

ஏஐஎஸ் என்ற வருடாந்திரத் தகவல் அறிக்கையில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் கருத்துச் சொல்லும் வசதி இருக்கிறது. தகவல் சரி, முழுதும் சரியில்லை, வேறு பான் எண்ணுக்கோ வேறு ஆண்டுக்கோ உரியது, ஏற்கெனவே வந்த தகவல்தான், இப்படிப் பல தெரிவுகள். என் விஷயம் கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் ஒரே கம்பெனியின் தொகையில் ஒரு பகுதி என்னுடையது, மீதி இல்லை. விரித்துப் பார்த்தால் ஒவ்வொரு தேதிக்கும் தனிப் பதிவு வரும். என்னுடையதல்லாத ஏழையும் "வேறு பான் எண்ணுக்குரியது" என்று குறித்தேன். இதில் ஒரு பொறி இருக்கிறது. சம்பளம் அங்கே இரண்டு இடத்தில் வருகிறது: 192-ஆம் பிரிவின்படி மாதா மாதம் வந்தது ஒன்று, கடைசிக் காலாண்டு அறிக்கையோடு கம்பெனி கொடுக்கும் முழு ஆண்டுச் சம்பள விவரமான இணைப்பு 2 இன்னொன்று. முதலாவதை மட்டும் குறித்துவிட்டு நான் இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டேன். என் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்தான் சுட்டிக் காட்டினார். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், அப்போது நாம் சொன்ன கருத்து ஏஐஎஸ்-இல் நம் பக்கத்து மறுப்பாகப் பதிவானது, அவ்வளவுதான். 26ஏஎஸ் அசையாது.

இணையதளத்திலேயே குறை தீர்க்கும் பகுதியில் ஒரு மனுவும் போட்டேன். உங்கள் பிடித்தம் செய்தவரை அணுகித் திருத்த அறிக்கை தாக்கல் செய்யச் சொல்லவும் என்று பதில் வந்தது. என் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் சொன்னதையேதான் துறையும் சொன்னது. செப்டம்பரில் என் ரிட்டர்ன் பரிசீலிக்கப்பட்டு 143(1) அறிவிப்பு வந்தது. பாக்கியும் இல்லை, ரீஃபண்டும் இல்லை. அப்பாடா, முடிந்தது என்று ஃபைலை மூடி வைத்தேன். தப்பு. அந்த அறிவிப்பு நான் கொடுத்த கணக்கை முதல் சுற்றில் சரிபார்த்ததற்கான சீட்டு மட்டும்தான். முரண்பாடு அப்படியே உயிரோடு இருந்தது.

திருப்பம் வந்தது நவம்பரில். என்னோடு பழைய கம்பெனியில் தரப் பிரிவில் இருந்த நண்பரிடம் பேசும்போது, "உன் பேர்லயே ஒருத்தர் பிளான்ட்ல மேனேஜரா இருக்கார்டா, அவருக்கும் ஏதோ டிடிஎஸ் பிரச்சினையாம், ஆபீஸ்ல சத்தம் போட்டார்" என்றார். நம்பர் வாங்கி அன்றே கூப்பிட்டேன். என் பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி. "சார், அது என் பேர். நீங்க யாரு?" என்றார். இனிஷியல்தான் வேறு, எனக்கு எஸ், அவருக்கு ஆர். விவரம் சொல்லி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அப்போ என் டிடிஎஸ் உங்ககிட்டயா சார் இருக்கு?"

அவர் நிலைமை என்னைவிட மோசம். சம்பளத்தில் மாதா மாதம் வரி பிடித்திருக்கிறார்கள், பே ஸ்லிப்பில் தெளிவாக இருக்கிறது. ரிட்டர்னில் 36,920 கிளெய்ம் செய்திருக்கிறார். அவருடைய 26ஏஎஸ்-இல் அந்தக் கம்பெனியின் பெயரே இல்லை. அக்டோபரில் வட்டியோடு 41 ஆயிரத்துச் சொச்சம் கட்டச் சொல்லி அறிவிப்பு. கம்பெனி கொடுத்த வருடாந்திர வரிச் சான்றிதழான ஃபார்ம் 16-ஐப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தாராம், பெயர் சரியாக இருந்தது, டிடிஎஸ் தொகை சரியாக இருந்தது. மேலே இருந்த பான் எண்ணையும் 8,73,000 என்ற மொத்தத்தையும் பார்க்கவில்லை. அதாவது என் ஃபார்ம் 16 அவர் கையில் போயிருக்கிறது. எனக்கு அதுவும் வரவில்லை. அவர் சேர்ந்த அன்று சம்பள மென்பொருளில் பெயரைத் தட்டியதும் பழைய ஆளான என் விவரம் வந்து நின்றிருக்கிறது, கிளார்க் அதையே அழுத்திவிட்டார். இனிஷியலை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

அவரைக் கண்டுபிடித்ததுதான் இந்தக் கதையிலேயே நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், அதுவும் தற்செயல். என்னை மாதிரி வெளியேறியவனின் மெயிலுக்கு எந்தக் கம்பெனியும் அவசரப்படாது. உள்ளே இருப்பவர், அதுவும் மேனேஜர், தன் பணம் காணோம் என்று மேசையின் முன்னால் வந்து நிற்பது வேறு. உங்கள் கணக்கில் யாருடையதோ சம்பளமும் டிடிஎஸ்ஸும் வந்திருந்தால், எங்கோ ஒருவர் அதே தொகையைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அவரை ஜூலையிலேயே தேடியிருந்தால் எனக்கு நான்கு மாதம் மிச்சம்.

இருவரும் சேர்ந்து ஒரே கடிதம் எழுதினோம். உணர்ச்சியெல்லாம் இல்லாமல், வரி பிடிப்பவர்களுக்குத் தரப்படும் எண்ணான கம்பெனியின் டான் எண், நிதியாண்டு 2022-23, இரண்டாம், மூன்றாம், நான்காம் காலாண்டுகள், ஒவ்வொன்றிலும் எந்தத் தொகை எந்தப் பான் எண்ணில் தவறாக ஏறியிருக்கிறது, எந்தப் பான் எண்ணுக்குப் போக வேண்டும் என்று. கூடவே பி.எஃப். பாஸ்புக், வங்கி அறிக்கை, ரிலீவிங் லெட்டர். 271எச் பிரிவில், டிடிஎஸ் அறிக்கையில் தவறான தகவல் கொடுத்தால் 10,000 முதல் 1 லட்சம் வரை அபராதம் விதிக்க இடமுண்டு என்பதையும் ஒரே வரியில் மரியாதையாகச் சேர்த்தோம். (இதெல்லாம் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்கள். 2026 ஏப்ரலிலிருந்து புதுச் சட்டம் வந்து எண்கள் மாறிவிட்டன, விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.) ஒப்புகையோடு பதிவுத் தபால், நகல் அந்தக் கம்பெனிக்குரிய டிடிஎஸ் அதிகாரிக்கு. அந்த "நகல்" என்ற ஒரு வரிக்கு இருந்த மகிமை என் ஆறு மெயிலுக்கும் இல்லை. அப்புறம் மிக்ஜாம் புயல் வந்து அம்பத்தூர்ப் பக்கமெல்லாம் தண்ணீர், ஒரு வாரம் கம்பெனி திறக்கவே இல்லை. டிசம்பர் பாதியில் கணக்குப் பிரிவிலிருந்து அவர்களே போன் செய்தார்கள். அதுவரை ரகசியமாக இருந்த ஆடிட்டர் ஆபீஸ் விலாசமும் கிடைத்தது.

அங்கே போனால் கிளார்க் ஒரு இளைஞர், தங்கமான பையன். பான் எண்ணை அழித்து இன்னொன்றை எழுதுகிற வேலை இல்லை சார் இது, முந்தைய அறிக்கையை டிடிஎஸ்ஸுக்கான ட்ரேசஸ் தளத்திலிருந்து வரவழைத்து, உங்கள் பதிவைப் பூஜ்யமாக்கி, அதே செலானில் அவருக்குப் புதுப் பதிவு சேர்க்க வேண்டும், மூன்று காலாண்டுக்கும் தனித்தனியாக, கடைசியில் இணைப்பு 2 வேறு என்று விளக்கினார். காலாண்டுக்கு 1,000 வீதம் 3,000 ரூபாய் கட்டணம். அதைக் கொடுக்கக் கம்பெனியில் ஒப்புதல் வாங்க வேண்டுமாம், ஃபைல் எங்கோ மேசையில் கிடந்தது. கடைசியில் நாங்கள் இருவரும் ஆளுக்கு 1,500 போட்டுக் கட்டிவிட்டோம். அவர்கள் செய்த தப்பைத் திருத்த நாங்கள் காசு கொடுத்தோம். இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது. ஆனால் இன்னும் இரண்டு மாதம் கொள்கைக்காகக் காத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை.

இதற்கிடையில் ஜனவரியில் எனக்குத் துறையிலிருந்து மெயில், நீங்கள் காட்டிய சம்பளமும் எங்களுக்கு வந்த தகவலும் பொருந்தவில்லை என்று. ஜூலையிலாக இருந்தால் மயங்கி விழுந்திருப்பேன். இந்த முறை பதற்றமில்லை. ஏற்கெனவே கருத்துப் பதிந்திருந்தேன், கடிதத்தின் நகல் இருந்தது, என்ன நடந்தது என்று நான்கு வரியில் பதில் போட்டேன். இந்த மாதிரி மெயில் வந்தால் அதிலுள்ள இணைப்பை அழுத்தாமல் நேராகத் தளத்துக்குப் போய் உள்நுழைந்து பாருங்கள். அந்த நேரத்தில் மோசடி மெயில்களும் நிறைய வரும்.

ஜனவரி கடைசியில் "போட்டாச்சு சார்" என்று தகவல் வந்தது. வாய்வார்த்தையை நம்பாதீர்கள், ஒவ்வொரு காலாண்டின் திருத்தத்துக்கும் 15 இலக்க டோக்கன் எண் உண்டு, அதைக் கேளுங்கள். நான் கேட்டேன், இரண்டு எண்தான் வந்தது. சரி, மூன்றாவது பின்னால் வரும் என்று விட்டுவிட்டேன். பிப்ரவரி நடுவில் 26ஏஎஸ்-ஐத் திறந்தால் செப்டம்பர் போயிருக்கிறது, ஜனவரியிலிருந்து மார்ச் வரை போயிருக்கிறது, மூன்றாம் காலாண்டின் 2,85,000 மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பையன் தலையில் அடித்துக்கொண்டான். மறுபடி போட்டு, மறுபடி காத்திருந்து, 2024 மார்ச் மூன்றாம் வாரத்தில்தான் என் 26ஏஎஸ்-இல் அந்தக் கம்பெனிக்கு எதிரே 2,08,000 என்று பார்த்தேன்.

என் பெயர்க்காரருக்கு இன்னும் ஒரு படி இருந்தது. அறிவிப்பு வந்ததுமே தளத்தில் அந்தப் பாக்கியை ஏற்கவில்லை என்று பதிலளித்து, பே ஸ்லிப்களை வைத்து, பிடித்த வரியைத் தன்னிடமே மறுபடி கேட்க முடியாது என்று 205-ஆம் பிரிவைக் குறிப்பிட்டிருந்தார். பதில் சொல்லாமல் சும்மா விட்டிருந்தால் அடுத்த ரீஃபண்டிலேயே கழித்துக்கொண்டிருப்பார்கள். டிடிஎஸ் அவர் கணக்குக்கு வந்ததும் 154-இன் கீழ் வரி வரவு முரண்பாட்டுக்கான திருத்த மனு போட்டார், பாக்கி பூஜ்யமானது. எனக்கு மொத்தச் செலவு 800, 3,000, 1,500, தபால், ஜெராக்ஸ், அலைச்சல் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 6,000 ரூபாய். மூன்று நாள் லீவு. தூக்கம் போன இரவுகளை எண்ணவில்லை.

ஏப்ரலில் கம்பெனி அவருக்குத் திருத்திய ஃபார்ம் 16-ஐ மெயிலில் அனுப்பியது. அது வந்து சேர்ந்தது எனக்கு. மறுபடியுமா என்று தலை சுற்றியது. ஃபைலைத் திறக்கப் பான் எண்தான் கடவுச்சொல் என்று எழுதியிருந்தது. என் பான் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை. இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்துத் திறக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, அவருக்கு அனுப்பி வைத்தேன்.